வேண்டுமென்றே தாமதித்த பதில்

கேள்வி: என் மகனுக்கு 17 வயது. பாடசாலை இறுதிப் பரீட்சை இந்த ஆண்டு. உயரமும் உடம்பும் உள்ளவன். ஒரு பெரிய றக்பி லீக் கழகத்தின் இளையோர் அணியில் முன்வரிசையில் ஆடுகிறான். இரண்டு ஆண்டுகளுக்கு ஒப்பந்தம் தருவதாகச் சொல்கிறார்கள். பல்கலைக்கழகம் வேண்டாம், இதுதான் என் தொழில் என்று நிற்கிறான். இவருக்கு உள்ளூரப் பெருமை. எனக்கு நித்திரை இல்லை. பிள்ளை கெட்டிக்காரன். ஆட்டப் பருவம் தொடங்கும்போது வைக்கும் மூளைச் சோதனையில் வேண்டுமென்றே மெதுவாகப் பதில் சொல்லி வைத்துவிட்டேன், இனித் தலையில் அடிபட்டாலும் என்னை யாராலும் வெளியே உட்கார வைக்க முடியாது என்று சாப்பாட்டு மேசையில் சொல்லி எங்களையெல்லாம் சிரிக்க வைத்தான். இப்படிப்பட்டவன் பொறியியல் படிக்காமல் போகலாமா? தடுத்தால் எங்களை வெறுத்துவிடுவானோ என்றும் பயமாக இருக்கிறது.
– ஒரு தாய், பெண்டில் ஹில், சிட்னி

பதில்: சகோதரி, படிப்பா விளையாட்டா என்ற கேள்வி இந்தப் பகுதிக்கு ஓயாமல் வருகிறது. கிரிக்கெட், நடனம், இசை என்று பெயர்தான் மாறுகிறதே தவிர, தாயின் பயம் மாறுவதில்லை. அதற்குக் கடைசியில் சில வரிகள் எழுதுகிறேன். அதற்கு முன், பிள்ளையின் கெட்டிக்காரத்தனத்துக்குச் சான்றாக நீங்கள் போகிறபோக்கில் எழுதிவிட்டுக் கடந்துபோன அந்தச் சாப்பாட்டு மேசையைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

அந்தச் சோதனை எதற்கு என்று வீட்டில் யாராவது கேட்டீர்களா? பருவத் தொடக்கத்தில், அடி எதுவும் படாத நிலையில், ஆட்டக்காரனின் நினைவாற்றலையும் கவனத்தையும் பதில் சொல்லும் வேகத்தையும் அளந்து குறித்துவைக்கிறார்கள். பிறகு ஆட்டத்தில் தலையில் அடிபட்டு அவன் தடுமாறினால், வைத்தியர் அவனை வெளியே அழைத்து, மீண்டும் சோதித்து, பழைய அளவோடு ஒப்பிட்டுப் பார்த்து, மூளை அதிர்ந்திருக்கிறதா என்று முடிவு செய்வதற்கு அந்தக் குறிப்பும் துணையாகிறது. உங்கள் மகன் செய்திருப்பது தராசுத் தட்டின் அடியில் கல் ஒட்டிவைக்கும் கடைக்காரனின் வேலை. வித்தியாசம், ஏமாறப்போகும் வாடிக்கையாளனும் அவனேதான். நலமாக இருக்கும்போதே கலங்கியவனைப் போலப் பதில் சொல்லி வைத்திருப்பதால், உண்மையில் கலங்கி நிற்கும் நாளில் ஏட்டின்படி அவன் நலமாகவே இருப்பான்.

இதைச் சொன்னபோது நீங்களும் சிரித்திருக்கிறீர்கள், உங்கள் கணவரும் சிரித்திருக்கிறார். பதினேழு வயதுப் பையன் தனக்குச் சாவே இல்லை என்று நினைப்பது இயற்கை. அதற்காகத்தான் அவனைச் சுற்றிப் பெரியவர்கள் இருக்கிறார்கள். பரீட்சையில் பார்த்து எழுதினேன் என்று அவன் சொல்லியிருந்தால் அன்றிரவு உங்கள் வீட்டில் யாரும் சோறு உண்டிருக்கமாட்டீர்கள் என்பது எனக்குத் தெரியும். மதிப்பெண்ணுக்குக் கொடுக்கும் மரியாதையை மண்டைக்குக் கொடுக்காத வீட்டை நான் ஒழுக்கமான வீடு என்று சொல்லமாட்டேன். நீங்கள் மனம் நொந்தாலும் சரி.

அவன் ஆடும் இடம் என்னவென்றும் தெரிந்துகொள்ளுங்கள். நம் ஊரில் நாம் கேள்விப்பட்ட, 15 பேர் ஆடும் றகர் அல்ல இது. 1895ஆம் ஆண்டு இங்கிலாந்தின் வடபகுதிக் கழகங்கள் பிரிந்துபோய் உருவாக்கிய, 13 பேர் ஆடும் ஆட்டம். அந்த 13 பேரில் ஆறு பேர் ஃபோர்வர்ட்கள், அதாவது முன்னே நின்று மோதுபவர்கள்; அவர்களில் முன்வரிசையில் நிற்கும் இரண்டு புரொப் ஆட்டக்காரர்களில் ஒருவன் உங்கள் மகன். எதிரணி உதைத்தனுப்பும் பந்தை வாங்கிக்கொண்டு, முழு வேகத்தில் ஓடிவரும் மூன்று பேருக்கு நேரே போய் மோதுவது பெரும்பாலும் அவன் வேலை. பந்து எதிரணியிடம் இருக்கும்போது ஒருவனை மடக்கி வீழ்த்தி, எழுந்து, பத்து மீட்டர் பின்னால் ஓடி, உடனே திரும்பி வந்து அடுத்தவனை மடக்க வேண்டும். நடுப்பகுதியில் ஆடுகிறவர்கள் ஒரே ஆட்டத்தில் முப்பது தடவைக்கு மேல் இப்படி மடக்குவது சாதாரணம். ஆளை மயக்கமடையச் செய்யும் அடிகள் மட்டுமல்ல, யாரும் கவனிக்காத இந்தச் சிறு மோதல்களும் ஆண்டுக்கணக்கில் சேர்ந்து மூளையைப் பாதிக்கின்றன என்பதுதான் இப்போதைய மருத்துவக் கவலை.

சிட்னி ரூஸ்டர்ஸ் அணியின் தலைவராகவும் அவுஸ்திரேலிய அணியின் தலைவராகவும் இருந்த ஃபோர்வர்ட் பொய்ட் கோர்ட்னர், தலையில் பட்ட அடிகளின் காரணமாக 2021ஆம் ஆண்டு 29 வயதில் ஓய்வு பெற்றார். அதே கழகத்தின் ஜேக் ஃபிரெண்டும் அதே ஆண்டு அதே காரணத்துக்காகத்தான் விலகினார். இருவரும் கோப்பைகள் வென்றவர்கள், பயந்தவர்கள் அல்லர். சிட்னியின் கான்டபரி அணியில் ஃபோர்வர்டாக ஆடி, 2004ஆம் ஆண்டு பயிற்சியாளராக அதே அணிக்குக் கோப்பை வாங்கித் தந்த ஸ்டீவ் ஃபோக்ஸ் 2018இல் 59 வயதில் மாரடைப்பால் இறந்தார். தானமாக வழங்கப்பட்ட அவருடைய மூளையை ஆராய்ந்தபோதுதான், தொடர்ந்து தலையில் அடிபடுபவர்களுக்கு வரும் சி.டி.ஈ. என்ற மூளைச் சிதைவு நோய் அவருக்கு இருந்தது தெரிய வந்தது. உயிரோடு இருக்கும்போது உறுதி செய்ய முடியாத நோய் அது. அதனால்தான் ஆட்டக்காலத்தில் எடுக்கும் அளவுகள் பொய்யில்லாமல் இருக்க வேண்டும் என்கிறேன்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். றக்பி லீக்கின் முதன்மைப் போட்டியான என்.ஆர்.எல்.இல் 17 கழகங்கள். ஒவ்வொன்றிலும் முதன்மைப் பட்டியலில் 30 பேர். போட்டி முழுவதற்கும் ஐந்நூற்றுச் சொச்சம் இடங்கள்தான், அவற்றிலும் ஒரு பகுதிதான் புரொப் ஆட்டக்காரருக்கு. இளையோர் ஒப்பந்தம் அந்த வாசலை எட்டிப்பார்க்க மட்டுமே உதவும். ஆனால் இந்த இடத்தில் ஆடுகிறவர்கள் முதிர்வது இருபதுகளின் நடுவில். போல் கெலன் 2001 முதல் 2019 வரை க்ரொனுல்லா என்ற ஒரே கழகத்துக்காக 348 ஆட்டங்கள் ஆடி முடித்தபோது அவருக்கு 38 வயது. ஆகவே உங்கள் மகனுக்கு அவசரம் எதுவும் இல்லை. பகுதிநேரமாகப் படிக்கட்டும், ஆடட்டும். பொறியியல்தான் வேண்டும் என்று நீங்கள் நிற்பது அவனுக்காக அல்ல, ஊருக்காக, அதை விட்டுவிடுங்கள்.

விடக்கூடாதது அந்தச் சோதனை விஷயம். இந்த வாரமே நீங்கள் இருவரும் மகனை அழைத்துக்கொண்டு கழக வைத்தியரிடம் போங்கள். சோதனையில் என்ன செய்தேன் என்பதை அவனே தன் வாயால் சொல்லட்டும். உங்கள் கணவர் பக்கத்தில் நிற்கட்டும். பழைய அளவை அழித்துவிட்டுப் புதிதாகச் சோதிக்கும்படி கேளுங்கள். அவன் மறுத்தால், ஒப்பந்தத்தில் பெற்றோர் கையெழுத்திட வேண்டிய இடத்தை வெறுமையாக விட்டுவிடுங்கள். 18 வயது நிறையும்வரை அந்தப் பேனா உங்கள் கையில்தான் இருக்கிறது. வெறுத்துவிடுவான் என்று பயப்படுகிறீர்கள். சில காலம் வெறுப்பான். அதைத் தாங்கிக்கொள்வதும் பெற்றோரின் கடமைதான்.

இந்தப் பருவத்தில் அவனுக்குத் தலையில் அடிபட்டதா என்பதைப் பற்றி நீங்கள் ஒரு சொல்லும் எழுதவில்லை. இன்றிரவே கேளுங்கள். தலைவலி, வெளிச்சம் பிடிக்காமை, படித்தது மனதில் நிற்காமை என்று ஏதாவது இருந்தால் கழகத்துக்குப் போகுமுன் குடும்ப வைத்தியரிடம் கூட்டிச்செல்லுங்கள். 2024இல் அவுஸ்திரேலிய விளையாட்டு நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, மூளை அதிர்வு ஏற்பட்ட இளையோர் குறைந்தது 21 நாள் மோதல் ஆட்டத்தில் இறங்கக் கூடாது. மோதல் பயிற்சிக்கு முன்பாக 14 நாள் அறிகுறி எதுவுமில்லாமல் இருக்கவும் வேண்டும். அதனால் தெரிவுப் போட்டி தவறிப்போனாலும், ஒப்பந்தமே கைநழுவினாலும், அவன் வீட்டில்தான் இருக்க வேண்டும்.