ஹோண்டா சிட்டிக்கு இரண்டரை இன்ச் சைலன்சர் பைப் தேவையா?

கேள்வி: 2011 மாடல் ஹோண்டா சிட்டி 1.5 பெட்ரோல் வைத்திருக்கிறேன். 4-2-1 ஹெடர் (நான்கு சிலிண்டரின் புகைக் குழாய்களை இரண்டாக்கி, பிறகு ஒன்றாகச் சேர்ப்பது), கோன் ஃபில்டர் (கூம்பு வடிவ ஏர் ஃபில்டர்) போட்டாயிற்று. அடுத்து இசியூ மேப்பிங் (எஞ்சின் கம்ப்யூட்டரின் செட்டிங்கை மாற்றுவது) செய்யப் போகிறேன். அதற்கு முன் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரிலிருந்து பின்பக்கம் வரை பைப்பை மாற்றலாம் என்று போனால், கடைக்காரர் 2.5 இன்ச் போடச் சொல்கிறார். இன்னொருவர், ‘பேக் பிரஷர் போனால் பிக்கப் போய்விடும், கம்பெனி பைப்பைத் தொடாதீர்கள்’ என்கிறார். ஆனால் என் நண்பரின் போலோ ஜிடி டிஎஸ்ஐயில் 2.5 இன்ச் பைப் பிரமாதமாக ஓடுகிறது. யாரைக் கேட்பது?

பதில்: உங்கள் காருக்கு 2 இன்ச் போதும். மேப்பிங் நிச்சயம், கோவை கரி ஸ்பீட்வே ரேஸ் ட்ராக் பக்கமும் அடிக்கடி போவீர்கள் என்றால் 2.25 போடலாம். அதற்கு மேல் போவது சத்தத்துக்குக் கொடுக்கும் காசுதான்.

பைப் அளவை சிசியை வைத்தும் முடிவு செய்யக் கூடாது, பின்னால் தெரியும் டிப்பின் அழகை வைத்தும் கூடாது. எஞ்சின் எவ்வளவு புகையைத் தள்ளுகிறது என்பதுதான் கணக்கு. உங்கள் எஞ்சின் 6600 ஆர்பிஎம்மில் 118 குதிரைத்திறன் தருவது. ஒன்றரை லிட்டர் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை காற்றை இழுக்கிறது. அப்படிப் பார்த்தால் அந்த வேகத்தில் விநாடிக்கு ஏறக்குறைய 80 லிட்டர் காற்று உள்ளே போகும். வெளியே வரும்போது அது சூட்டில் விரிந்திருக்கும். நடுப் பைப்பில் வெப்பம் 500 டிகிரி என்று வைத்துக்கொண்டால் சுமார் இரண்டரை மடங்கு, அதாவது விநாடிக்கு 200 லிட்டர்.

இந்த 200 லிட்டர் 2 இன்ச் பைப்பில் விநாடிக்குச் சுமார் 110 மீட்டர் வேகத்தில் ஓடும். 2.25 இன்ச்சில் 88 மீட்டர், 2.5 இன்ச்சில் 70 மீட்டர். அரை இன்ச்தானே கூடுகிறது என்று தோன்றும், ஆனால் உள்பரப்பு 60 சதவீதம் ஏறிவிடுகிறது. எக்ஸாஸ்ட் வேலை செய்பவர்கள் நெடுங்காலமாக வைத்திருக்கும் ஒரு தோராயக் கணக்கு உண்டு: ஒற்றைப் பைப் என்றால் 2 இன்ச் சுமார் 140 குதிரைத்திறன் வரை தாங்கும், 2.25 என்றால் 180 வரை, 2.5 என்றால் 230 வரை. ஹெடர், ஃபில்டர், மேப்பிங் எல்லாம் சேர்ந்தாலும் உங்கள் கார் 130ஐத் தொட்டால் பெரிது. அந்த 230ஐ வைத்துக்கொண்டு என்ன செய்வது?

சரி, பேக் பிரஷர் விஷயத்துக்கு வருவோம். எஞ்சினுக்கு பேக் பிரஷர் தேவை என்பது தவறு. புகையை வெளியே தள்ளப் பிஸ்டன் படும் பாடு அது, அதனால் எந்த எஞ்சினுக்கும் நன்மை கிடையாது. எஞ்சினுக்கு உதவுவது புகையின் வேகம். ஒரு சிலிண்டரிலிருந்து வேகமாகப் போகும் புகை தனக்குப் பின்னால் அழுத்தத்தைக் குறைக்கும். இன்டேக் வால்வும் எக்ஸாஸ்ட் வால்வும் சேர்ந்து திறந்திருக்கும் அந்தச் சிறு நேரத்தில், மிச்சப் புகை வெளியே இழுக்கப்பட்டுப் புதுக்காற்று உள்ளே வரும். தேவைக்கு மீறிப் பெரிய பைப்பில் இந்த வேகம் விழுகிறது. பிரஷர் போனதால்தான் பிக்கப் போனது என்று பலர் சொல்வது இதைத்தான்.

ஆனால் இந்த இழுப்பு நடப்பது பெரும்பாலும் ஹெடருக்குள். நான்கு குழாய்களின் நீளம், விட்டம், அவை சேரும் இடம் இவைதான் அதை முடிவு செய்கின்றன. கன்வெர்ட்டரைத் தாண்டிய பிறகு, புகை விட்டுவிட்டு வரும் அந்தத் துடிப்பு நன்றாகவே மங்கிவிடும். அதனால் பின்பக்கம் 2.5 போட்டாலும் உங்கள் பிக்கப் அடியோடு செத்துவிடாது. லாபம் ஒன்றும் இல்லை, அவ்வளவுதான். பைப் மாற்றிய பிறகு பிக்கப் போச்சு என்று வரும் கார்களில் நான் முதலில் பார்ப்பது வேறு இடங்களை. ஒன்று, கோன் ஃபில்டர் பானட்டுக்குள் ரேடியேட்டர் சூட்டையே இழுத்துக்கொண்டிருக்கும். உங்களிடமும் அது இருக்கிறது, கவனியுங்கள். இன்னொன்று, முன் ஆக்ஸிஜன் சென்சாருக்கு முன்னால் எங்காவது ஃப்ளேஞ்சில் (பைப் இணைப்பில்) கசிவு இருக்கும். அந்த வழியாக வெளிக்காற்று புகுந்தால் சென்சார் பெட்ரோல் குறைவு என்று நினைத்துக்கொள்ளும், இசியூவும் தேவையில்லாமல் பெட்ரோலைக் கூட்டும்.

போலோ கதை வேறு. அது டர்போ வண்டி. டர்பைனைச் சுற்றுவது அதன் இரு பக்கமும் உள்ள அழுத்த வித்தியாசம். பின்பக்கம் எவ்வளவு தாராளமாக இருக்கிறதோ, டர்போ அவ்வளவு சீக்கிரம் எழும்பும். ஆகவே 105 குதிரைத்திறன் வண்டியாக இருந்தாலும், குறிப்பாக டர்போவை ஒட்டி இறங்கும் டவுன்பைப்பில், அவர் பெரிதாகப் போட்டது நியாயமே. அந்த அளவை அப்படியே டர்போ இல்லாத எஞ்சினுக்குக் கொண்டுவர முடியாது.

பைப்பை மாற்றத்தான் வேண்டுமா என்பதையே முதலில் அளந்து பார்த்துவிடலாம், செலவும் அதிகமில்லை. முன் ஆக்ஸிஜன் சென்சாரைக் கழற்றி, அந்த மரையில் ஒரு நீளமான உலோகக் குழாயை வைத்துக் குறைந்த அழுத்த கேஜை இணைக்கச் சொல்லுங்கள். ரப்பர் ட்யூபை நேரடியாக மாட்டினால் உருகிவிடும். முழு ஆக்ஸிலரேட்டரில் 6000ஐத் தாண்டும்போது 2 பிஎஸ்ஐக்குள் இருந்தால் இப்போதைய பைப்பை அப்படியே விடலாம். 3க்கு மேல் போனால் மாற்றுவதில் அர்த்தம் உண்டு. அப்போதும் அடைப்பு கன்வெர்ட்டரிலா பின்னாலா என்று பார்த்த பிறகே பைப்பை வெட்ட வேண்டும்.

பைப் வாங்கும் இடத்தில் ஒரு குழப்பம் வரும். வண்டிக்குச் சொல்லும் 2 இன்ச் என்பது வெளி விட்டம், 50.8 மில்லிமீட்டர். 16 கேஜ் (சுவர் தடிமன் சுமார் 1.6 மில்லிமீட்டர்) என்றால் உள்ளே 47.6 மட்டும் கிடைக்கும். தண்ணீர்க் குழாய் விற்கும் கடையில் ‘2 இன்ச் என்பி’ (நாமினல் போர், அதாவது பெயரளவு விட்டம்) என்று கொடுப்பதன் வெளி விட்டம் 60.3 மில்லிமீட்டர். அதைக் கொண்டுவந்து வெல்டிங் வைத்துவிட்டு 2 இன்ச் என்று பில் போடுவார்கள். வெர்னியர் காலிப்பரைக் கையோடு கொண்டுபோங்கள். அது இல்லாவிட்டால், பைப்பைச் சுற்றி நூல் போட்டு நீளத்தை 3.14ஆல் வகுத்தாலே போதும்.

வளைவுகளையும் பாருங்கள். ஹைட்ராலிக் பிரஸ்ஸில் மடக்கிய பைப் வளைவில் நசுங்கும், 2.25 பைப்பும் அங்கே 2 இன்ச் மாதிரி ஆகிவிடும். உள்ளே தாங்குதண்டு வைத்து வளைக்கும் மேன்ட்ரல் பெண்டில் விட்டம் மாறாது. நேர்த்தியான மேன்ட்ரல் வளைவுகளோடு 2 இன்ச் போடுவதே, நசுங்கிய 2.25ஐவிட மேல். பின்னால் போகப் போகப் புகை ஆறிச் சுருங்குவதால், முன்பாதி 2.25, கடைசிப் பகுதி 2 என்று போட்டாலும் எந்த நஷ்டமும் இல்லை. பின் ஆக்சிலுக்கு மேலே இடமும் மிச்சமாகும்.

ரெசனேட்டரை (நடுப் பைப்பில் ஹூம் சத்தத்தை அடக்கும் பெட்டியை) மட்டும் தூக்கிப் போடாதீர்கள். நான்கு சிலிண்டர் எஞ்சின் 3000 ஆர்பிஎம்மில் விநாடிக்கு 100 முறை வெடிக்கிறது. அந்த 100 ஹெர்ட்ஸ் கேபினுக்குள் ஹூம் என்று நின்றுகொண்டே இருக்கும், ஹைவேயில் அரை மணி நேரம் போனால் தலை வலிக்கும். ரெசனேட்டருக்குப் பதிலாக ஒரு முனை மூடிய பக்கவாட்டுக் குழாய் வைத்து இதை அடக்க வேண்டுமென்றால் சுமார் 1.25 மீட்டர் நீளம் தேவை, சிட்டிக்கு அடியில் அதற்கு ஏது இடம்?

கன்வெர்ட்டர் இன்னும் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். ஹெடர் போடும்போது அதையும் கழற்றி ஓரமாக வைத்துவிடும் கடைகள் உண்டு. இருந்தால் அதைத் தொடாதீர்கள். இல்லாவிட்டால் மேப்பிங்குக்கு முன் திரும்பப் போடுங்கள், பியூசி எனும் புகைச் சோதனையில் அது தெரிந்துவிடும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவில், சத்தத்துக்கும் புகைக்கும் முதல் முறையே 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. மூன்று மாதம் வரை சிறையும் சட்டத்தில் இருக்கிறது. உரிமையாளர் செய்யும் மாற்றத்துக்கு 182ஏ(4) பிரிவு தனி.

வேலை முடிந்ததும் எஞ்சின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்து, பின் வாயைத் துணியால் ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். எங்காவது புஸ் என்று கேட்டால் கசிவு அங்கேதான். அதை அடைத்த பிறகு மேப்பிங்குக்குத் தேதி வாங்குங்கள். மேப்பிங் இல்லாமல் பைப்பை மட்டும் மாற்றினால் இரண்டு மூன்று குதிரைத்திறன் கூடினாலே அதிகம், அதை உங்கள் கால் உணராது.