தட்டில் பாட்டு, தட்டுக்கு நடுவில் பாட்டு

கேள்வி: நாற்பத்தாறு வயதில் பாட்டு கற்றுக்கொள்ள ஆரம்பித்திருக்கிறேன். சமத்தில், அதாவது தாளத்தின் முதல் தட்டில், எடுக்கும் பாட்டெல்லாம் ஒழுங்காக வருகிறது. அரை இடத்தில் எடுக்கும் கீர்த்தனை என்றால் கையும் பாட்டோடு சேர்ந்து நழுவிவிடுகிறது. என்ன செய்வது?
– வாசகி, கும்பகோணம்

பதில்: உங்கள் கை குரலைப் பின்தொடர்கிறது அம்மா, அதுதான் சிக்கல். சமத்தில் எடுக்கும் பாட்டில் கையும் வாயும் ஒரே நேரத்தில் விழுவதால் யார் யாரைப் பின்தொடர்கிறார்கள் என்பதே தெரியாது. அரை இடம் வந்ததும் குட்டு வெளிப்பட்டுவிடும்.

பலர் அரை இடத்தை "தட்டுக்குக் கொஞ்சம் தள்ளி" என்று நினைத்துக்கொள்கிறார்கள். கொஞ்சம் என்றால் எவ்வளவு? சதுரச்ர நடை ஆதி தாளத்தில் எட்டு அட்சரம், அதாவது எட்டு எண்ணிக்கை; ஒரு அட்சரத்துக்கு நாலு மாத்திரை, த க தி மி. தட்டு "த"வில் விழுகிறது, உங்கள் பாட்டு "தி"யில் தொடங்குகிறது, அவ்வளவுதான். காலப்பிரமாணம், அதாவது பாட்டின் வேகம், குறைந்தால் அந்த இடைவெளியும் அதே அளவுக்கு நீளும், அதனால் குத்துமதிப்பாகப் பிடித்தவர்கள் இன்றைக்குச் சரியாக எடுத்துவிட்டு நாளைக்குத் தவறவிடுவார்கள்.

ஒரு வாரம் பாட்டை ஓரமாக வையுங்கள். தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், அப்புறம் தட்டு வீச்சு, தட்டு வீச்சு என்று தாளம் போட்டபடி தகதிமி சொல்லுங்கள். பிறகு நாலையும் மனதுக்குள் சொல்லி "தி"யை மட்டும் வாய்விட்டுச் சொல்லுங்கள். அது ஆடாமல் நின்றதும் அந்தத் "தி" இருந்த இடத்தில் பாட்டின் முதல் எழுத்தை வையுங்கள். எனக்குக் கற்றுக்கொடுத்தவர் நாலு நாள் என்னைப் பாடவே விடவில்லை, எதிரில் உட்கார்ந்து என் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்தாம் நாள் பாட்டு தானாக வந்து உட்கார்ந்தது.

இப்படித் தாளம் தொடங்கியபின் பாட்டு எடுப்பதை அனாகத எடுப்பு என்பார்கள். பாட்டு முந்திக்கொண்டால் அதீத எடுப்பு. தியாகராஜர் கீர்த்தனைகள் பல தேசாதி என்ற அமைப்பில், சமத்திலிருந்து ஒன்றரை அட்சரம் தள்ளித் தொடங்குகின்றன. சமத்தில் குரல் இல்லாததால் மிருதங்கத்தின் அடி தனியாகக் கேட்கும், அதற்குப் பதில் சொல்வதுபோல் பாட்டு வரும். எனக்கு உயிர் அந்த இடம்.

கேள்வி: மிருதங்கக்காரர் வாசித்து முடிக்கிற அதே நொடியில் பாடகர் எடுக்கிறாரே, முன்பே பேசி வைத்துக்கொள்வார்களா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: பேச வேண்டியதே இல்லை, கணக்கு பார்த்துக்கொள்ளும். ஆதி தாளம் ஒரு ஆவர்த்தனம், அதாவது ஒரு முழுச் சுற்று, 32 மாத்திரை. "ததிங்கிணதொம்" என்ற மிருதங்கச் சொல் 5 மாத்திரை, இரண்டு முறை சொன்னால் 10. இந்தப் பத்தைச் சமத்தில் தொடங்கி மூன்று முறை வாசித்து, நடுவில் வரும் இரண்டு கார்வைக்கும் (இடைவெளிக்கும்) ஆளுக்கு ஒரு மாத்திரை கொடுங்கள்: 10, 1, 10, 1, 10. மொத்தம் 32, அடுத்த சமத்தில் வந்து இறங்கும். பாட்டு அரை இடமா? கார்வையை இரண்டாக்குங்கள்: 10, 2, 10, 2, 10. மொத்தம் 34, சமத்தைத் தாண்டி இரண்டு மாத்திரை, அதாவது எடுப்பிலேயே போய் இறங்குகிறது! சொல் ஒன்றும் மாறவில்லை, விடும் மூச்சுதான் மாறியிருக்கிறது. வீட்டில் தாளம் போட்டுச் சொல்லிப் பாருங்கள், அடுத்த கச்சேரியில் கோர்வை என்கிற இந்த முடிப்பு தொடங்கியதுமே உங்கள் கை தயாராகிவிடும்.

கேள்வி: கிதார் பழகுகிறேன். ஜமைக்கா இசையான ரெகேயில் ஆஃப் பீட், அதாவது தட்டுக்கு நடுவில், வாசி என்கிறார்கள். 2, 4-இல் அடிப்பதா, "அண்ட்"டில் அடிப்பதா?
– மாணவர், கோவை

பதில்: இரண்டு பேர் சொல்வதும் சரிதான் தம்பி. மெதுவாக எண்ணுகிறவருக்கு அது "ஒன் அண்ட் டூ அண்ட்"டின் "அண்ட்". அதே பாட்டை இரட்டை வேகத்தில் எண்ணுகிறவருக்கு 2, 4. ஓசை ஒன்றுதான், எண்ணிக்கைதான் வேறு. ஆனால் ராக் பாட்டில் ஸ்நேர் டிரம் 2, 4-இல் விழுவதை ஆஃப் பீட் என்று குழப்பிக்கொள்ள வேண்டாம், அது பேக்பீட்; அங்கே அடி தட்டின் மேலேயே விழுகிறது, அழுத்தம்தான் இடம் மாறியிருக்கிறது.

1950களின் கடைசியில் ஜமைக்காவில் ரெகேக்கு முன்னோடியான ஸ்கா இசை பிறந்தபோதே கிதார் தட்டுக்கு நடுவில் போய் உட்கார்ந்துவிட்டது, 1960களின் கடைசியில் வந்த ரெகே அதை நிதானப்படுத்தியது. பாப் மார்லியின் வெய்லர்ஸ் குழு டிரம்மர் கார்ல்டன் பாரெட்டுக்குப் பேர் வாங்கித்தந்த ஒன் டிராப் என்ற தாளத்தில், இரட்டை வேகத்தில் எண்ணினால், முதல் எண்ணிக்கையில் காலால் அடிக்கும் கிக் டிரம் அடிக்கவே அடிக்காது, மூன்றில்தான் ஸ்நேரோடு சேர்ந்து விழும்.

மெதுவாகவே எண்ணிக்கொண்டு, வலது கையை நிறுத்தாமல் மேலும் கீழும் ஆட்டு. கீழே போகும்போது தந்தியைத் தொடாதே, மேலே வரும்போது மட்டும் தொடு. தொட்ட உடனே இடது கை விரல்களைத் தளர்த்தினால் ஓசை வெட்டினாற்போல் நிற்கும். பாதம் மட்டும் தட்டிலேயே இருக்கட்டும். அது கிதாரோடு சேர்ந்து எழும்ப ஆரம்பித்தால் நிறுத்திவிட்டு முதலிலிருந்து தொடங்கு.