கேளுங்க, சொல்றன்: கிழக்குக் கரைய பாக்க எந்த ஊர்ல தங்கலாம்?

கேள்வி: அக்கா, ஓகஸ்ட் லீவுக்கு கடல் பக்கம் நாலு நாள் போவம் எண்டு இருக்கிறம். அவர் மிரிஸ்ஸ எண்டுறார், தம்பி அறுகம்பே எண்டுறான், பிள்ளைகளுக்கு பாசிக்குடா. மாமியும் கூட வாறா, அவவுக்கு முழங்கால் வருத்தம், சத்தம் ஒத்துவராது. ஒரே இடத்துல தங்கி மற்றதெல்லாம் போய்ப் பாத்துட்டு வாற மாதிரி அமைதியான ஊர் ஒண்டு சொல்லுங்க. (வெள்ளவத்தை வாசகி)

பதில்: முதல்ல மிரிஸ்ஸவ விடுங்க தங்கச்சி. ஓகஸ்ட்ல தென்மேற்குப் பருவக்காத்து, அந்தத் தெற்குப் பக்கக் கடல் கொந்தளிச்சுக்கொண்டு இருக்கும், பிள்ளைகள இறக்கேலாது. கிழக்குக் கடல்தான் அந்த மாசத்துல அடங்கிக் கிடக்கும். அறுகம்பேல அப்பதான் சர்பிங் சீசன், வெளிநாட்டு ஆக்கள் நிறைஞ்சிருப்பாங்க, ராவுல பாட்டுச் சத்தம், மாமி நித்திரை கொள்ள மாட்டா. பாசிக்குடா நல்ல இடம்தான், ஆனா கரை நெடுக ஹோட்டல், பின்னேரம் சும்மா இறங்கி நடந்து கடை தெரு கோயில் எண்டு பாக்க அங்க ஒண்டும் பெரிசா இல்ல.

நான் சொல்றது மட்டக்களப்பு. அதுலயும் டவுனுக்குள்ள வேணாம், பாலம் தாண்டி கல்லடி. ஒரு பக்கம் வாவி, மற்றப் பக்கம் கடல், நடுவுல சனம் குடியிருக்கிற ஒழுங்கைகள், முத்தத்துல மாமரம் நிக்கிற சின்ன கெஸ்ட் ஹவுஸ் கிடைக்கும், கீழ் ரூமா கேட்டு எடுங்க, மாமி படி ஏறத் தேவையில்ல. விடிய ஆறு மணிக்கு கடற்கரைக்குப் போனா கரைவலை இழுக்கிறத பாக்கலாம், ரெண்டு வரிசையா ஆக்கள் நிண்டு கயித்த இடுப்புல கொழுவிப் பின்னால பின்னால நடந்து இழுப்பாங்க, வலை கரைக்கு வர வர காகம் எல்லாம் கிட்ட வந்திரும், என்ட மகள் அத பாத்துக்கொண்டே ஒரு மணித்தியாலம் நிண்டவள். ஆனா கல்லடிக் கடல் குளிக்கிற கடல் இல்ல, அலை இழுக்கும். குளிக்கிறதுக்கு பாசிக்குடா போங்க, வடக்கால 30 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட, அங்க கரையில இருந்து கன தூரத்துக்குத் தண்ணி இடுப்பளவுதான், மாமியும் பயமில்லாம இறங்கி நிப்பா.

இன்னொண்டு கட்டாயம் சொல்லோணும், ஆடி ஆவணில அங்க கச்சான் அடிக்கும். கடலை இல்ல, காத்து. மழையெல்லாம் மலைநாட்டுக்கு மேற்கால கொட்டிட்டு இந்தப் பக்கம் காய்ஞ்ச சூடாத்தான் வரும், மத்தியானம் முகத்துல அடுப்பு வச்ச மாதிரி. அதனாலதான் ஒரு இடத்துல தங்கச் சொல்றன். காலமை ஆறுல இருந்து பத்து வரைக்கும் சுத்துங்க, பிறகு வீட்ட வந்து சோறும் எருமைத் தயிரும் சாப்பிட்டுப் படுங்க, நாலு மணிக்குத் திரும்ப வெளிக்கிடுங்க. நாங்க ஒருமுறை மூண்டு ராத்திரிக்கு மூண்டு ஊர்ல புக் பண்ணி, ஒவ்வொரு காலமையும் பேக் கட்டிக் கட்டியே அலுத்துப் போனம், கடைசி நாள் எந்தக் கடல் எந்த ஊர் எண்டு அம்மாவுக்கு நினைவே இல்ல, எனக்கு இப்பவும் அது கவலை.

ஒரு நாள் வாவிக்கு அங்கால படுவான்கரைக்குப் போங்க. கொக்கட்டிச்சோலை தான்தோன்றீஸ்வரர் கோயில் இருக்கு, முந்தி மண்முனைல பாதை ஏறித்தான் போறது, அதாவது மிதவைப் படகு, இப்ப பாலம். தெற்கால மண்டூர் முருகன் கோயில், கதிர்காமம் மாதிரி அங்கயும் வாய் கட்டித்தான் பூசை, மந்திரச் சத்தமே கேக்காது, அமைதி கேக்கிற உங்கட மாமிக்கு அதவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. கல்லடிலயே யாழ்நூல் எழுதின தமிழறிஞர் விபுலானந்த அடிகளின்ட சமாதி இருக்கு, பிள்ளைகள கூட்டிட்டுப் போய் அவர் யாரெண்டு சொல்லிக் குடுங்க. ராவுல கல்லடிப் பாலத்துக்குக் கீழ தோணில போய், துடுப்ப தண்ணிக்குள்ள விட்டு மற்ற முனைல காது வச்சு மீன் பாடுறத கேக்கிறது பழைய வழக்கம், பௌர்ணமிய ஒட்டி, காத்து இல்லாத ராவா இருக்கோணும். எல்லாருக்கும் கேக்காது, ஆனா அந்த நேரத்துல வாவி நடுவுல இருக்கிறதே போதும்.

திருகோணமலையையும் அறுகம்பேயையும் ஒரு நாள்ல போய் வருவம் எண்டு மட்டும் வெளிக்கிடாதீங்க, ரெண்டும் 100 கிலோமீட்டருக்கு மேல.

கேள்வி: மட்டக்களப்புக்கு வேன்ல போறது நல்லமா, கோச்சிலயா (ரயில்லயா)? (கொட்டாஞ்சேனை வாசகர்)

பதில்: வயசானவங்க இருந்தா கோச்சிதான். ரோட்டால 300 கிலோமீட்டருக்கு மேல, கால் நீட்டேலாம இருக்கிறது கொடுமை. கோச்சில எழும்பி நடக்கலாம், டொய்லட் இருக்கு, மாகோ, கல்லோயா, பொலன்னறுவை தாண்டி வாழைச்சேனைக்கு வரக்குள்ள பாதி நாள் போயிரும், யானை குறுக்க வாற இடங்கள்ல மெதுவாத்தான் ஓடும், ஓடத்தான் வேணும். லீவு காலத்துல சீட் டக்கெண்டு முடிஞ்சிரும், நேரத்தோட போட்டு வைங்க, நேரம் மாறியிருக்கா எண்டும் கோட்டை ஸ்டேஷன்ல ஒருக்கா கேளுங்க. அங்க போய் இறங்கினாப் பிறகு ரெண்டு நாளைக்கு மட்டும் வேன் பிடிங்க, மற்ற நாள் ஓட்டோ காணும்.

கேள்வி: நத்தார் லீவுக்கும் கல்லடி சரிவருமா அக்கா? (தெஹிவளை வாசகி)

பதில்: வேணாம் அம்மா. அப்ப அங்க வாடைக்காத்து, மாரி மழை, வாவி பெருகும். டிசம்பர்ல தெற்குக்குப் போங்க, திக்வெல்லல தங்குங்க. தெவுந்தர வெளிச்சவீடு, பாறை ஓட்டையால கடல் தண்ணி பீச்சியடிக்கிற ஹும்மானய, வெவுறுகன்னல புத்தர் சிலை எல்லாம் கிட்ட, மிரிஸ்ஸல திமிங்கிலம் பாக்கிற காலமும் அதுதான். கோச்சில மாத்தறைல இறங்கி பஸ் எடுக்கலாம். போட்ல ஏறுற அண்டைக்குக் காலமை பிள்ளைகளுக்கு ரெண்டு பிஸ்கட்டுக்கு மேல குடுக்க வேணாம்.