ஓடும்போது குளிரும் பிக்கப் ஏசி, நின்றால் ஏன் வெதுவெதுப்பாகிறது?

ஒட்டன்சத்திரம் சந்தையில் காய்கறி ஏற்றி மதுரைக்குப் போய்வரும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். ஏழு வருடம் ஓடிய அவருடைய டீசல் பிக்கப்பில், நெடுஞ்சாலையில் போகும்போது ஏசி நன்றாகக் குளிர்கிறது. சோதனைச் சாவடியிலோ நெரிசலிலோ ஐந்து நிமிடம் நின்றால் வெதுவெதுப்பான காற்றுதான் வருகிறது. ஓராண்டில் இரண்டு முறை கேஸ் அடித்தாகிவிட்டது. இப்போது, கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரெசரையே மாற்ற வேண்டும் என்கிறார்களாம். மாற்றலாமா என்பது அவருடைய கேள்வி.

இப்போதைக்கு மாற்ற வேண்டாம் என்பதே என் பதில். நீங்கள் சொல்லும் அறிகுறி இரண்டு வெவ்வேறு பழுதுகளுக்குப் பொதுவானது. கேபினுக்குள் கூலிங் காயில் என்ற குழாய்ச் சுருள் உறிஞ்சிய வெப்பத்தை, ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் கண்டென்சர் வெளியே தள்ளியாக வேண்டும். வண்டி ஓடும்போது எதிர்க்காற்றே அந்த வேலையைச் செய்துவிடுகிறது. நிற்கும்போது ஃபேன் மட்டுமே துணை. ஃபேன் பலவீனமாக இருந்தாலோ கண்டென்சர் அடைத்திருந்தாலோ நின்றவுடன் குளிர்ச்சி போய்விடும். தேய்ந்த கம்ப்ரெசரும் இதே போலத்தான் நடந்துகொள்ளும். ஐடிலில், அதாவது வண்டி நிற்க எஞ்சின் மட்டும் ஓடும்போது, மெதுவாகச் சுழல்வதால் அதனால் அழுத்தத்தை உயர்த்த முடியாது, வண்டி வேகமெடுத்ததும் ஓரளவு சமாளித்துவிடும்.

கையை ஏசி வாயில் வைத்துப் பார்த்து இந்த இரண்டையும் பிரிக்க முடியாது. கேஸின் அழுத்தத்தைக் காட்டும் கேஜ் செட்டை மாட்டினால் அவை நேரெதிராகப் பேசும். கம்ப்ரெசருக்குள் கேஸ் வரும் பக்கம் லோ சைடு, அழுத்தி வெளியே அனுப்பும் பக்கம் ஹை சைடு. வெளியே 35 டிகிரி செல்சியஸ் வெயிலில், ஆர்-134ஏ கேஸ் உள்ள நல்ல ஏசியில் லோ சைடு 35 முதல் 50 பிஎஸ்ஐ வரையும், ஹை சைடு 200 முதல் 250 வரையும் இருப்பது வழக்கம். வண்டிக்கு வண்டி சற்று மாறும். ஐடிலில் ஹை சைடு 300-ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போய், லோ சைடும் கூடவே உயர்ந்தால், வெப்பம் கண்டென்சரில் தேங்கி நிற்கிறது என்று பொருள். லோ சைடு 70, 80 என்று உயர்ந்து, ஹை சைடு 150-ஐக்கூடத் தொடாவிட்டால்தான் கம்ப்ரெசர் மீது சந்தேகம் வர வேண்டும். இரண்டுமே குறைவாக இருந்தால் கேஸ் போதவில்லை.

இதை உறுதிசெய்ய எளிய சோதனை ஒன்று உண்டு. வண்டியை ஐடிலில் நிறுத்தி, ஏசியை முழு அளவில் வைத்து, காற்று வெதுவெதுப்பானதும் முன் கிரில் வழியாகக் கண்டென்சர் மீது நிதானமாகத் தண்ணீர் ஊற்றுங்கள். ஹை சைடு முள் சரசரவென இறங்கி, ஓரிரு நிமிடத்தில் குளிர் திரும்பினால், கம்ப்ரெசர் வேலை செய்கிறது. குறை காற்றோட்டத்திலோ அளவுக்கு மீறி அடித்த கேஸிலோ இருக்கிறது. நின்ற இடத்திலேயே ஆக்சிலேட்டரை மிதித்துப் பார்த்து, குளிர் வந்தால் கம்ப்ரெசர் தேய்ந்துவிட்டது என்று முடிவுகட்டுவதைப் பல இடங்களில் பார்க்கிறேன். பெல்ட்டில் சுழலும் ஃபேன் உள்ள டீசல் பிக்கப்பில் இது ஏமாற்றிவிடும். எஞ்சின் வேகம் கூடினால் ஃபேன் வேகமும் கூடுகிறது அல்லவா.

காற்றோட்டம்தான் குறை என்றால், முன்பக்கத்தைப் பார்த்துத் திருப்தியடைந்துவிடாதீர்கள். வெங்காயம் ஏற்றும் வண்டி ஒன்று என்னிடம் வந்தபோது கண்டென்சர் முன்னாலிருந்து பளிச்சென்று இருந்தது. ரேடியேட்டரின் மேல் பிடிகளைத் தளர்த்திச் சற்றுப் பின்னால் சாய்த்ததும், இரண்டுக்கும் நடுவே வெங்காயச் சருகும் புழுதியும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து கம்பளித் துண்டு போல ஒரே விரிப்பாக உரிந்து வந்தது. சந்தை வண்டிகளில் அந்த இடைவெளியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கழுவும்போது பின்னாலிருந்து முன்னோக்கி, குறைந்த அழுத்தத்தில் தண்ணீர் விடுங்கள். வாட்டர் சர்வீஸ் பம்பின் வேகம் மெல்லிய தகடுகளை மடக்கிவிடும். அடுத்து, எஞ்சினைச் சூடாக்கி, நிறுத்தி, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு ஃபேனைச் சுழற்றிப் பாருங்கள். தடையே இல்லாமல் பல சுற்று ஓடினால், சூட்டில் ஃபேனை இறுக்கிப் பிடிக்க வேண்டிய விஸ்கஸ் கிளட்ச் போய்விட்டது. கண்டென்சருக்கு முன் மின்சார ஃபேன் இருந்தால், ஏசி போட்டதும் அது சுழல்கிறதா என்று ஃபியூஸ், ரிலே வரை பார்த்துவிடுங்கள்.

இனி அந்த இரண்டு முறை கேஸ். கேஸ் டீசலைப் போல எரிந்து தீருவதில்லை; மூடிய குழாய்களுக்குள் சுற்றிவருவது. ஓராண்டில் இரண்டு முறை உண்மையிலேயே குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. குறையாமலே அடித்திருந்தால் இப்போது கூடுதலாக இருக்கும், அதுவும் ஐடிலில் ஹை சைடை ஏற்றிவிடும். எஞ்சினை அணைத்து ஆறவைத்தபின் காட்டும் அழுத்தத்தை நம்பி முடிவெடுக்காதீர்கள்: 30 டிகிரியில் ஏறத்தாழ 97 பிஎஸ்ஐ காட்டும்; உள்ளே திரவமாகக் கொஞ்சம் இருந்தாலும் நிறைய இருந்தாலும் அதே எண்தான். இருக்கும் கேஸை இயந்திரத்தில் மீட்டெடுத்து எடைபோடுவதே வழி. காற்றில் திறந்துவிட அனுமதிக்காதீர்கள். ஆர்-134ஏ ஒரு கிலோ, 100 ஆண்டுக் கணக்கில் சுமார் 1,430 கிலோ கரியமில வாயுவுக்கு ஈடாகப் பூமியைச் சூடேற்றும்.

கசிவு இருக்கும் இடத்தில் எண்ணெய் கசிந்து புழுதி ஒட்டியிருக்கும். கம்ப்ரெசர் முன்சீல், ஹோஸ் இணைப்புகள், கண்டென்சரின் அடிப்பாகம், கேஸ் அடிக்கும் வால்வு ஆகியவற்றை வெளிச்சம் பிடித்துப் பாருங்கள். நைட்ரஜன் ஏற்றிச் சோப்பு நுரையால் சோதிக்கலாம். ஆக்சிஜனை ஒருபோதும் ஏற்றக் கூடாது, எண்ணெயுடன் சேர்ந்தால் வெடிக்கும். கசிவை அடைத்த பிறகு, ஈரத்தை உறிஞ்சும் டிரையரை மாற்றி, குறைந்தது அரை மணி நேரம் வாக்குவம் போட்டு (பம்பால் உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி), முள் அசையாமல் நிற்பதைப் பார்த்துவிட்டு, பானட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் லேபிளில் உள்ள எடைக்கே கேஸ் நிரப்பச் சொல்லுங்கள். வாக்குவத்தில் உள்ளே இருக்கும் ஈரம் சாதாரண வெப்பத்திலேயே கொதித்து வெளியேறும். இதைத் தவிர்த்தால் கூலிங் காயிலுக்குள் கேஸை விடும் குறுகிய எக்ஸ்பான்ஷன் வால்வில் அந்த ஈரம் பனியாக உறையும்.

இவ்வளவுக்குப் பிறகும் லோ சைடு உயர்ந்து ஹை சைடு தாழ்ந்தே இருந்தால் கம்ப்ரெசரை மாற்றுங்கள். பழையதன் எண்ணெயில் உலோகத் துகள் மின்னினால் கண்டென்சரையும் டிரையரையும் சேர்த்தே மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் அந்தத் துகள் புதிய கம்ப்ரெசரையும் தின்றுவிடும். எந்த வேலை முடிந்தாலும், வண்டியை வெளியே எடுக்குமுன் நடு ஏசி வாயில் ஒரு தெர்மாமீட்டரைச் செருகி, பத்து நிமிடம் ஐடிலிலேயே நிறுத்திப் பாருங்கள். 10 டிகிரியை ஒட்டி இறங்கி அங்கேயே நின்றால் பணத்தைக் கொடுக்கலாம்.