கேபிள் பழுது இல்லை, ஒயரிங்தான் பாதியில் நிற்கிறது

கேள்வி: அண்ணாச்சி, சாரல் காலத்தில் நாட்டுக்கோழிக் குஞ்சுகள் குளிரில் ஒடுங்கிப் போகின்றன. அதற்காக மணலுக்குள் பதிக்கிற 200 வாட் ஹீட்டிங் கேபிளும் சூட்டைப் பார்த்து அதை ஆன், ஆஃப் செய்கிற எஸ்டிசி-1000 கண்ட்ரோலரும் வாங்கினேன். கண்ட்ரோலர் டிகிரி காட்டுகிறது, டிக் என்று சத்தமும் வருகிறது, ஆனால் கேபிள் சூடாகவே இல்லை. 5, 6 திருகுகளில்தான் மாட்டியிருக்கிறேன். கேபிள் பழுதா? நீளம் கூடுதலாக இருக்கிறது, வெட்டலாமா? மோட்டார் ரூமிலிருந்து லைன் எடுக்கலாமா?
— ஒரு வாசகர், கடையம்

பதில்: டிக் சத்தம் கேட்கிறது என்றால் கண்ட்ரோலர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது. 5, 6-ல் கரண்ட் தானாக வராது, அது வெறும் சுவிட்ச், உள்ளே ரிலே ஒட்டும், விலகும், அவ்வளவுதான். கரண்டை நாம்தான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். இதைப் பெட்டியோடு வருகிற துண்டுச் சீட்டில் எறும்பு எழுத்தில் போட்டிருப்பார்கள், யார் படிக்கிறார்கள்?

மெயினை அணைத்து, டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டுக் கை வையுங்கள். 1-ல் பேஸ், 2-ல் நியூட்ரல். 1-லிருந்து ஒரு துண்டு ஒயரை 5-க்கு இழுத்துவிடுங்கள். 6-லிருந்து கேபிளின் ஒரு முனை, இன்னொரு முனை நேராக நியூட்ரலுக்கு. கேபிளின் மேல் பின்னல் கவசம் இருந்தால் அது எர்த்துக்குப் போக வேண்டும். 3, 4 சூட்டை அளக்கிற சென்சாருக்கு மட்டும், அங்கே மெயின் கரண்ட் பட்டால் கண்ட்ரோலர் காலி. வெளிநாட்டுக் கேபிளில் பழுப்பு பேஸ், நீலம் நியூட்ரல். நம் ஊர்ப் பழைய ஒயரிங்கில் நீலம் மூன்றாவது பேஸாகவும் இருக்கும், கலரை நம்பாதீர்கள். கோழிக்கூட்டில் ஈரம் எப்போதும் இருப்பதால் கரண்ட் கசிந்தால் உடனே லைனைத் துண்டிக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இல்லாமல் இதை ஓட்டவே கூடாது, ஒயரிங் பழக்கம் இல்லையென்றால் லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனையே கூப்பிட்டுவிடுங்கள்.

கேபிள் நல்லதா என்று பார்க்க, கரண்ட் கொடுக்காமல் இரண்டு முனைக்கும் மல்டிமீட்டர் வையுங்கள். 230 வோல்ட், 200 வாட் என்றால் சுமார் 265 ஓம் காட்ட வேண்டும்.

வெட்டுவதா? வேண்டவே வேண்டாம். சாதாரண ஹீட்டிங் கேபிளைப் பாதியாக வெட்டினால் ரெசிஸ்டன்ஸ் பாதியாகி, ஒவ்வொரு மீட்டரும் நாலு மடங்கு சூடாகும், கூட்டில் விரிக்கிற உமியில் தீப்பிடிக்க அது போதும். மீதி நீளத்தை இடைவெளி விட்டு வளைத்துப் போடுங்கள், ஒன்றின் மேல் ஒன்று ஏறக் கூடாது. மணலுக்கு மேல் கடப்பாக்கல், அதன்மேல் உமியை மெல்லியதாக. உமி கனமாகக் கிடந்தால் சூடு உள்ளேயே அடைபட்டுவிடும்.

கேபிளைத் தரையின் பாதியில் மட்டும் பதியுங்கள், சூடு அதிகமென்றால் குஞ்சு ஒதுங்க இடம் வேண்டுமே. சென்சார் குஞ்சின் முதுகு உயரத்தில் தொங்கட்டும். முதல் வாரம் 33 டிகிரி வைத்து, வாரம் மூன்று டிகிரி குறைக்கலாம். ஆனால் கல் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும், கண்ட்ரோலர் அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் ஏறும், அதனால் ஒரு டிகிரி குறைத்தே தொடங்குங்கள். குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி அடைந்தால் குளிர், வாயைத் திறந்துகொண்டு சுவரோரம் ஒதுங்கினால் சூடு. மீட்டரைவிட அதுகளைப் பாருங்கள்.

மோட்டார் ரூம் லைன் வேண்டாம். அங்கே மூன்று பேஸ், தப்பாக இரண்டு பேஸுக்கு நடுவே மாட்டினால் 400 வோல்ட்டுக்கு மேல் ஏறி கேபிள், கண்ட்ரோலர் இரண்டும் ஒரே நேரத்தில் போய்விடும். வீட்டு லைனிலிருந்தே எடுங்கள், 200 வாட்டுக்கு ஒரு ஆம்பியர்கூட ஆகாது.