விலை குறைந்த பேஸ் கிட்டாரில் இவ்வளவு நல்ல ஒலியா?

கேள்வி: எங்கள் இசைக்குழுவில் பேஸ் வாசிக்கும் இளைஞரிடம் இருப்பவை மலிவான கிட்டாரும் சிறிய ஆம்ப்ளிஃபையரும்தான். அதைவிடப் பன்மடங்கு விலையுள்ள என் கருவியில் அவருடைய ஒலி வரவில்லையே, ஏன்?

பதில்: அடுத்த முறை அவருடைய கைகளைக் கவனியுங்கள். ஒரே தந்தியை நெக்கின் (இடக்கை விரல்கள் அழுத்தும் நீண்ட கழுத்துப் பகுதி) பக்கம் மீட்டினால் ஒலி உருண்டு திரண்டு வரும். பிரிட்ஜின் (கருவியின் உடல்மீது தந்திகளைத் தாங்கும் பாலம்) பக்கம் மீட்டினால் இறுகித் தெளியும். நன்றாக வாசிப்பவர்கள் பாட்டுக்கேற்ப இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு மீட்டலிலும் ஒரே அளவு விசையைத் தருவதோடு, வாசிக்காத தந்திகள் அதிராதபடி சும்மா இருக்கும் விரல்களால் அவற்றைத் தொட்டு அடக்கியும் வைக்கிறார்கள். தெளிவின் பெரும்பகுதி இந்த அடக்குதலில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. 1960களில் மோட்டவுன் என்ற அமெரிக்க இசைத்தட்டு நிறுவனத்தின் பாடல்களுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், வலக்கையின் ஆள்காட்டி விரல் ஒன்றாலேயே மீட்டினார். பழைய தந்திகளை மாற்றவும் அவர் விரும்பியதில்லை.

ஆம்ப்ளிஃபையரைப் பொறுத்தவரை, மிகத் தடித்த தந்தியின் அடிப்படை அதிர்வெண் ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸ் என்பதால் சிறிய ஸ்பீக்கரால் அதை முழுமையாக எழுப்ப முடியாது. ஆனால் 82, 123 ஹெர்ட்ஸில் எழும் மேற்சுரங்களைக் கொண்டே நம் காது அந்தச் சுரத்தை உணர்ந்துகொள்கிறது. ஆகவே தாழ்ந்த அதிர்வெண்களுக்கான பேஸ் குமிழைக் கூட்டாமல் நடுத்தர அதிர்வெண்களுக்கான மிட் குமிழைச் சற்றே கூட்டுவது பலன் தரும்.

நெக்கின் வளைவும் தந்தியின் உயரமும் சரியாக இருக்க வேண்டும் என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை. ஒரு நாள் ஒத்திகையில் இருவரும் கருவிகளை மாற்றிக்கொண்டு வாசித்துப் பாருங்கள்.