கட்டைத் துவக்குக்கு எந்த ரவை?

திருக்கோவில் தம்பிக்கு,

அல்பேர்ட்டாவின் வடக்கே பீஸ் ரிவர் பக்கம் மாட்டுப் பண்ணையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறீர்கள். வேலி பார்க்கத் தனியாகப் போகும்போது பிக்கப்பில் வைத்துக்கொள்ள, அவசரத்துக்கு மட்டும், கட்டையான ரைபிள் ஒன்று வேண்டும். .223 ரவை போடுவதை வாங்குவதா, 7.62×39 ரவை போடுவதை வாங்குவதா? கூட வேலை செய்யும் இருவரும் ஆளுக்கொன்றைச் சொல்லிச் சண்டை பிடிக்கிறார்கள். இதுதானே கேள்வி?

நான் இப்போது லீவில் ஊரில் நிற்கிறேன், வெல்லாவெளியில். அல்பேர்ட்டாவில் இருந்து பழகியவன் என்பதால் பதில் சொல்லலாம். உங்கள் நிலைமைக்கு 7.62×39தான். ஆனால் கடைக்குப் போக முதல் மிச்சத்தையும் வாசியுங்கள், ஏனென்றால் நீங்கள் நினைக்கிற அவசரத்துக்கு ரெண்டுமே உதவாமல் போகலாம்.

அவசரம் என்று நீங்கள் முதலில் எழுதியிருப்பது கரடி. கனடாச் சட்டப்படி பிக்கப்பில் துவக்கு ரவை ஏற்றாமல்தான் இருக்க வேண்டும். நீங்கள் இறங்கி அப்பால் போனால் அதைப் பூட்டக்கூடிய பெட்டிக்குள் வைத்துப் பூட்டவேண்டும். அப்படிப் பெட்டி இல்லையென்றால் வெளியே தெரியாமல் மறைத்துக் கதவுகளைப் பூட்ட வேண்டும். ஆளரவமற்ற காட்டுப் பகுதிக்குச் சில தளர்வுகள் உண்டு, பண்ணை வேலியை அதற்குள் சேர்க்க முடியாது. ஆக, பற்றைக்குள் கரடி உறுமும்போது உங்கள் துவக்கு பிக்கப்பில் கிடக்கும். இடுப்பில் கரடி ஸ்ப்ரே இருந்தால் அது உடனே கைக்கு வரும். ஐந்தாறு மீற்றரில் மிளகாய்க் காரத்தை முகத்தில் அடித்தால் பெரும்பாலான கரடிகள் திரும்பிவிடும். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மட்டக்களப்பில் எங்கள் படுவான்கரையில் யானை வந்தால் யாரும் முதலில் துவக்கைத் தேடுவதில்லையே. நேற்றிரவும் வயல் பக்கம் வனஜீவராசிகள் திணைக்களம் கொடுத்த யானை வெடியைத்தான் கொளுத்தினார்கள். மின்வேலி, தீப்பந்தம், கூச்சல், எல்லாம் விலங்கைத் திருப்பி அனுப்புகிற வழிகள். கரடி விஷயத்திலும் அந்தப் புத்திதான் சரி. உங்கள் பக்கம் கருங்கரடியோடு கிரிஸ்லி என்கிற பெரிய பழுப்புக் கரடியும் நடமாடும். பாய்ந்து வருகிற கிரிஸ்லியை நிறுத்த நீங்கள் கேட்ட இரண்டையுமே நான் நம்பமாட்டேன். கனடாவில் காட்டு வேலைக்குப் போகிறவர்கள் பலர் அதற்கென்றே 12 போர் துவக்கில் ஒற்றைக் குண்டு போட்டுக்கொண்டு போவதைப் பார்க்கலாம்.

சரி, கரடியை ஒதுக்கிவைத்தால் மிஞ்சுகிற அவசரம் என்ன? கன்றுக்குட்டிகளைச் சுற்றும் கொயோட்டி என்கிற நரி போன்ற விலங்கு. கால் முறிந்து எழும்ப முடியாமல் கிடக்கும் மாடு. வழி தவறி ரெண்டு நாள் காட்டில் மாட்டிக்கொள்வது, இது கதைகளில்தான் அதிகம் நடக்கிறது. மனிதர்களிடமிருந்து பாதுகாப்பு என்ற எண்ணம் ஒரு மூலையில் இருந்தால் அதை இப்போதே விட்டுவிடுங்கள். ஆளுக்கு எதிராகத் துவக்கு வைத்திருக்கிறேன் என்பது கனடாவில் ஏற்றுக்கொள்ளப்படும் காரணம் அல்ல.

இனி ரவைக்கு வருவோம். பெயர் தெரியாவிட்டாலும் இந்த ரெண்டின் சத்தமும் யுத்தகாலத்தில் ஊரில் இருந்த எங்கள் வயதுக்காரருக்குத் தெரியும். 7.62×39 என்பது ரி-56இல் போட்ட ரவை. .223 என்பது எம்-16இன் 5.56 ரவையோடு ஏறக்குறைய ஒட்டிப் பிறந்தது. பயிற்சித் திடலில் முதல் வெடிக்கு உடம்பு விறைத்தால் வெட்கப்படாதீர்கள். பயிற்சி தருகிறவரிடம் முன்கூட்டியே சொன்னால் ஆறுதலாக நேரம் தருவார்.

.223இல் வழக்கமான சன்னம், அதாவது குழலை விட்டுப் பறக்கும் முனை, 3.6 கிராம், நீளக் குழலில் வினாடிக்கு ஆயிரம் மீற்றரைத் தொடுகிற வேகம். 7.62×39இன் சன்னம் 8 கிராம், வேகம் எழுநூறு சொச்சம். சின்னச் சன்னத்தின் வேலையெல்லாம் வேகத்தில்தான் இருக்கிறது. குழலைக் கட்டையாக்கினால் அந்த வேகம் குறையும், வேகம் குறைந்தால் சன்னம் உள்ளே போய் விரிவதும் குறையும். 7.62×39 பதினாறு அங்குலக் குழலுக்கும் நன்றாகப் பொருந்துகிற ரவை. கட்டைத் துவக்கில் அது இழப்பது சொற்பம். நூறு மீற்றருக்குள் எனக்கு அதுதான் பிடிக்கும். நூற்றைம்பதைத் தாண்டினால் சன்னம் கீழே விழத் தொடங்கிவிடும், அங்கே .223 நேர்கோடுபோலப் போகும். கொயோட்டிதான் உங்கள் முழுத் தலையிடி என்றால் .223ஐயே வாங்குங்கள், நான் குறுக்கே நிற்கமாட்டேன்.

ஆனால் ஒரு நாள் மான் வேட்டைக்கும் போக ஆசை என்று கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தீர்களே, அந்த வரிதான் என் தீர்ப்பை முடித்துவைத்தது. அல்பேர்ட்டாவில் மான் போன்ற பெரிய விலங்குகளுக்கு .23 அங்குலத்துக்கு மேற்பட்ட விட்டமுள்ள ரவை வேண்டும். .223 அந்தக் கோட்டுக்குக் கீழே நின்றுவிடுகிறது. பக்கத்து மாகாணத்துக்காரர் நான் சுட்டேனே என்பார், அவர் மாகாணத்துச் சட்டம் அவருக்கு.

7.62×39 வாங்குகிறவர்கள் சறுக்குகிற இடம் ரவைப் பெட்டி. மலிவாக, தகரப் பெட்டியில் நூற்றுக்கணக்கில் வரும் பழைய இராணுவ ரவைகள் உண்டு. அவற்றின் சன்னம் முழுக்க உலோக உறை போட்டது, விரியாது, வேட்டைக்குச் சட்டம் விடாது. அதோடு அந்தப் பழைய ரவைகள் பலவற்றின் அடித்தட்டு மருந்தில் உப்பு இருக்கும். சுட்டுவிட்டுத் துடைக்காமல் வைத்தால் கல்லடிக் கடற்காற்றில் நின்ற சைக்கிள் செயின்போலக் குழலுக்குள் துரு பிடிக்கும். எண்ணெய் மட்டும் போட்டால் உப்புப் போகாது. முதலில் சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவி, காயவைத்து, பிறகுதான் எண்ணெய். இந்தச் சோலியே வேண்டாம் என்றால் புதிதாக வருகிற, முனை ஈயம் வெளியே தெரியும் வேட்டை ரவையை வாங்குங்கள். விலை கூட, எல்லாக் கடையிலும் கிடைக்காது. இதில் .223 ஒரு படி மேல், எந்தச் சின்ன ஊர்க் கடையிலும் கிடைக்கும். .223 எடுப்பீர்களானால் குழலில் பொறித்திருப்பதை வாசித்துப் பாருங்கள். வெறும் .223 என்றிருந்தால் இராணுவ 5.56 ரவையை அதில் போடவேண்டாம், அதன் அமுக்கம் கூட.

துவக்கு எந்த வகை என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன்: கையால் இழுத்து ரவை ஏற்றும் போல்ட் வகை. 2020 மே 1ஆம் திகதி கனடா அரசு ஏஆர்-15, மினி-14 உட்பட ஆயிரத்து ஐந்நூறு அளவான துவக்கு வகைகளைத் தடைசெய்தது. அதற்குப் பிறகும் பட்டியல் நீண்டது. தானாக ரவை ஏற்றும் துவக்குக்குக் காசு கொட்டினால் நாளைக்கு அது என்ன ஆகுமோ என்ற யோசனை கூடவே வரும். போல்ட் வகைக்கு அந்தத் தொல்லை குறைவு. ரூகரின் அமெரிக்கன் ராஞ்ச் மொடல் பதினாறு அங்குலக் குழலோடு ரெண்டு ரவைக்கும் வருகிறது. இது போதாது, இன்னும் கட்டையாக வேண்டும் என்று யாராவது குழலை அறுத்துத் தருகிறேன் என்றால் கிட்டப் போகாதீர்கள். தொழிற்சாலையிலிருந்தே பதினாறு அங்குலமாக வருவது வேறு, குழலை அறுத்து 457 மில்லிமீற்றருக்குக் குறையச் செய்தால் அது தடைசெய்யப்பட்ட ஆயுதம்.

லைசென்ஸ் இல்லாமல் இதில் எதையும் வாங்க முடியாது. பிஆர் காட், அதாவது நிரந்தர வதிவிட அட்டையே போதும், குடியுரிமை தேவையில்லை. முதலில் பாதுகாப்புப் பயிற்சி. எழுத்திலும் செய்முறையிலும் 80 வீதம் எடுக்க வேண்டும். பிறகு விண்ணப்பம். முதல்முறை என்றால் குறைந்தது 28 நாள் காத்திருப்பு உண்டு. விண்ணப்பத்தில் துணைவியின் கையொப்பமும் கேட்பார்கள், மனநலம் பற்றியும் வீட்டுச் சண்டை பற்றியும் கேள்விகள் வரும். மறைக்காமல் எழுதுங்கள். உங்கள் மனைவியிடம் பத்திரத்தை நீட்டுகிற நேரத்தில் விஷயத்தைச் சொல்லாதீர்கள், இப்போதே பேசிவிடுங்கள். இங்கே கச்சேரிக்குப் போய் வருடாவருடம் லைசென்ஸைப் புதுப்பிக்கிற அலைச்சல் அங்கே இல்லை, ஐந்து வருடத்துக்கு ஒருமுறைதான்.

மாரியில் ஒன்று கவனியுங்கள். வெளியே மைனஸ் முப்பதில் கிடந்த துவக்கைச் சூடான வீட்டுக்குள் கொண்டுவந்தால் இரும்பு முழுக்க வியர்க்கும், போல்டுக்குள்ளும் தண்ணீர் நிற்கும். மறுநாள் திரும்ப வெளியே எடுத்துப்போக அது உறைந்து போல்ட் அசையாது. உள்ளே கொண்டுவந்தால் கழற்றித் துடைத்துவிடுங்கள். எண்ணெயும் குளிரில் தடித்துவிடும், அதனால் மெல்லிய பூச்சு போதும்.

இப்போதைக்குப் பயிற்சிக்குப் பெயரைக் கொடுத்துவிட்டு, ஸ்ப்ரே ஒன்றை வாங்கி இடுப்பில் மாட்டுங்கள். துவக்கைப் பற்றி லைசென்ஸ் கைக்கு வந்த பிறகு யோசிக்கலாம்.